கருவேல மரத்தில் தொங்கிய ட்யூப்

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கார்த்திகை மாதம். திருச்சுழிக்குத் தெற்கே, என் மாமனார் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்றைக்கும் என்னை 'மாப்ள' என்று கூப்பிட்டு, உட்கார நாற்காலி போடுகிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. லாரி ட்யூப், கயிறு, தார்ப்பாய், இரும்புச் சாமான் விற்கும் கடை அப்பாவுடையது. நானும் கடையில்தான் இருந்தேன். மாமனாருக்குக் கிராமத்தில் பலசரக்குக் கடை, கூடவே பருத்தி வியாபாரம். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். எதற்கும் சத்தம் போட மாட்டார், துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டால் போதும், பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. பல வருஷமாகக் காய்ந்து கிடந்த கண்மாய் நிரம்பி, மறுகால் பாய்ந்தது. கல்யாண வீட்டைப் பார்க்க வருவதுபோல அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் கரைமேல் ஏறித் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் புது மாப்பிள்ளை மிடுக்கில் சலவை வேட்டியோடு போய் நின்று பார்த்தேன்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்மாயில் தண்ணீர் ஏறிய நாளிலிருந்து அதிலுள்ள மீன் ஊர்ப் பொது. ஒருவரும் தூண்டில் போடக் கூடாது, வலை வீசக் கூடாது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய பிறகு ஒருநாள் குறித்து, ஊர் மொத்தமும் கரையில் கூடும். பெரிய மனிதர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதன் பிறகு கையில் அகப்பட்டது அவரவருக்கு. அதை அழிகண்மாய் என்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த விஷயம்தான். துண்டை வீசுகிறவர் என் மாமனார்.

அதுவரை மீனையும் தண்ணீரையும் காவல் காப்பது நீர்ப்பாய்ச்சியின் வேலை. மடையைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து விடுவது எல்லாம் அவர்தான். அறுவடையானால் ஒவ்வொரு களத்திலும் அவருக்கென்று நெல் அளந்து போடுவார்கள். குடும்பம் சாப்பிடுவது அந்த நெல்லைத்தான். அன்றிருந்த நீர்ப்பாய்ச்சிக்கு என் அப்பா வயது இருக்கும். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு நான் அவரைக் கூப்பிட்டது 'ஏம்ப்பா, இங்க வா' என்றுதான். அவரோ பதிலுக்கு 'சொல்லுங்க மாப்ள' என்பார்.

விருந்துச் சாப்பாட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. கடைச் சரக்கு விஷயமாகச் சாயல்குடிப் பக்கம் போகும்போது, கடற்கரையில் ஒற்றை ஆள் உட்கார்ந்து போகும் பலகைத் தோணிகளைப் பார்த்திருக்கிறேன். பாசி மண்டிக் கிடக்கும் இடமாகப் பார்த்துத் தோணியை நிறுத்தி, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூண்டில் போடுவார்கள். கரையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. ஆனால் அன்று நானே நாலு தடவை அப்படிப் போய் வந்ததுபோல அளந்துவிட்டேன்.

மாமனார் சிரித்தார். "மாப்ள, அது கடலு. இது கண்மாயி. பாசிக்குள்ள கருவ மரம் முங்கிக் கெடக்கு. டவுனுல பெறந்தவுகளுக்கு இந்தத் தண்ணி ஒத்து வராது" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாளையம்பட்டிப் பக்கத்துக் கிணறுகளில் கரணம் போட்டுக் குதித்து வளர்ந்தவன் நான், என்னைப் பார்த்தா இந்தப் பேச்சு என்று ஊருக்குப் போன பிறகும் மனசு ஆறவில்லை.

அடுத்த வாரமே மறுபடியும் வந்தேன். பஸ் மேலே ஒரு லாரி ட்யூப், பெட்டிப் பலகை ஒன்று, நீல நைலான் கயிறு. ஊரே பார்க்க இறக்கினேன். என்ன மாப்ள இது என்று கேட்டவர்களிடம் தோட்டத்துக் கிணற்றில் மிதந்து குளிக்க என்று சொன்னேன்.

மறுநாள் மாமனார் பருத்தி விஷயமாக அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார். ஊர் ஆட்கள் களையெடுப்பில் இருந்தார்கள். நீர்ப்பாய்ச்சி தெற்கு மடைப் பக்கம் மண்வெட்டியோடு போவதைப் பார்த்து வைத்துக்கொண்டு, நான் வடக்குப் பக்கமாகக் கண்மாய்க்குள் இறங்கினேன். ட்யூபின் மேல் பலகையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியாயிற்று. துடுப்புக்கு ஒரு பனைமட்டை. தூண்டில், மண்புழு, மீன் போட எங்கள் கல்யாணத்துத் தாம்பூலப் பை. மஞ்சள் துணியில் என் பெயரும் என் மனைவி பெயரும் சிவப்பு மையில் அச்சடித்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த முதல் ஒரு மணி நேரம் மாதிரி சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. பனைமட்டையால் தண்ணீரைத் தள்ளத் தள்ள ட்யூப் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே போனது. பாசிக்குள் நுழைந்ததும் தானாக நின்றுவிட்டது. சுற்றிலும் பச்சை. குனிந்து பார்த்தால் பாசிக்கொடிகள் அடியிலிருந்து தலைமுடிபோல எழும்பி அசைந்தன. கால் பாதங்களில் சின்ன மீன்கள் வந்து கொத்தின. கூச்சத்தில் தனியாகச் சிரித்தேன்.

தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுபட்டது. முதல் விரால் என் முழங்கை நீளம் இருந்தது. வழுக்கி வழுக்கிப் பைக்குள் போட்டேன். இரண்டாவது, மூன்றாவது. ஊர்க் கட்டுப்பாடு என் நினைவில் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் மாப்பிள்ளை மூன்று மீன் பிடித்தால் கண்மாயா வற்றிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். துண்டு வீசுகிறவரே என் மாமனார், எனக்கு என்ன கட்டுப்பாடு என்ற திமிரும் இருந்தது. மீனை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, ராத்திரி குழம்பு ஊற்றும்போது மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பெரிய விரால் கிடக்கும் என்று மட்டையைப் போட்டுத் தள்ளினேன். கீழே டப்பென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி காற்று இறங்கியது. முங்கிக் கிடந்த கருவேல மரத்தின் முள் ட்யூபைக் கிழித்துவிட்டது. லாரி ட்யூப் விற்கிற கடைக்காரன் மகனுக்கு, முள்ளில் ட்யூப் பஞ்சராகும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

பலகை சரிந்து தண்ணீரில் விழுந்தேன். ட்யூபும் பலகையும் முள்ளில் மாட்டிப் பாசிக்குள் அமுங்கிவிட்டன. நீச்சல்தான் தெரியுமே என்று காலை உதைத்தேன். உதைத்த காலில் பாசி சுற்றியது. இன்னும் வேகமாக உதைத்தேன், இன்னும் இறுகியது. கையை வீசினால் கையிலும் வந்து சுற்றுகிறது. கிணற்று நீச்சல் வேறு, இது வேறு என்று அங்கேதான் தெரிந்தது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. கத்தினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. கல்யாணமாகி மூன்று மாசம்கூட ஆகவில்லையே என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"காலை ஆட்டாதீக மாப்ள. ஆட்டுனா இறுக்கும். அப்பிடியே மல்லாக்கப் படுங்க."

நீர்ப்பாய்ச்சியின் குரல். தெற்கு மடையிலிருந்து கரைமேல் ஓடி வந்து குதித்திருக்கிறார். பக்கத்தில் வந்தவர் என்னைத் தொடவில்லை. அவர் சொன்னபடி நான் மல்லாந்து படுக்கும் வரை தள்ளியே மிதந்து பேசிக்கொண்டிருந்தார். பிறகு முங்கிப் போய், இடுப்பில் செருகியிருந்த கதிரருவாளால் என் காலைச் சுற்றிய பாசியை அறுத்துவிட்டார். தன் தலைத்துண்டை என் அக்குள் வழியாகக் கொடுத்து, ஒரு கையால் இழுத்துக்கொண்டு நீந்தினார். கரையேறிப் பார்த்தால் அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முள் கிழித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

நான் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினேன். அவர் மறுபடியும் கண்மாய்க்குள் இறங்கி, பாசியில் மாட்டி மிதந்த என் மஞ்சள் பையை எடுத்து வந்தார். பைக்குள் மூன்று விராலும் உயிரோடு துள்ளின. அப்போதும் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

"இது ஊரு மீனு மாப்ள. இங்க ஆழமில்ல, மடைப் பக்கம் போயி விட்டுர்றேன். நீங்க ஓடை வழியாச் சுத்தி வீட்டுக்குப் போயி ஈரத்த மாத்துங்க. கரை வழியா வேணாம், களையெடுக்கப் போனவுக திரும்புற நேரம். ட்யூபை நாளைக்கு நான் எடுத்துப் போட்டுர்றேன்."

அவர் காட்டிய வழியிலேயே போனேன். நன்றி சொன்னேனா என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்ன ஞாபகம் இல்லை.

வீட்டில் வேட்டி மாற்றி, தலையைத் துவட்டி, மாமியார் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். ட்யூப் எங்கே என்று என் மனைவி கேட்டாள். கிணற்றில் கல் குத்திப் பஞ்சராகிவிட்டது, தூக்கி எறிந்துவிட்டேன் என்றேன். அந்த நேரம் தெருவில் சத்தம். கரையில் வந்தவர்கள் நீர்ப்பாய்ச்சியை மூன்று விராலோடு பிடித்துவிட்டார்களாம்.

பொழுது சாயும் நேரம் மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். எனக்கும் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி. நீர்ப்பாய்ச்சி கீழே நின்றார், இடுப்பில் துண்டு, கையில் மஞ்சள் பை. பையில் என் பெயர். ஆனால் அந்தப் பை அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கொடுத்தது, அவருக்கும் கொடுத்தது. என் பெயர் இருந்தும் அது என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"பாசியில கெடந்துச்சு அண்ணாச்சி. திரும்ப விடத்தான் கொண்டு போனேன்" என்றார்.

"மீனு தானா வந்து பைக்குள்ள ஏறிக்கிருச்சா? யாரு பிடிச்சது?" என்று மாமனார் கேட்டார்.

நீர்ப்பாய்ச்சி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். அதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார், அவ்வளவுதான். நான் என் வேட்டிக் கரையைப் பார்த்தேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை.

"வேலியே பயிரை மேஞ்ச கதையாப் போச்சு" என்றார் மாமனார். துண்டு தோள் மாறியது. நீர்ப்பாய்ச்சி வேலை அன்றே இன்னொருவருக்குப் போனது. இனி அவர் கண்மாய்க்குள் கால் வைக்கக் கூடாது, வருகிற அழிகண்மாயில் அவர் வீட்டார் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. அறுபது வயதை நெருங்குகிற மனிதர், கையில் ரத்தம் காயாமல், தன் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு போனார். அதே துண்டுதான் என்னை இழுத்து வந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுத்தேன். மறுநாள் விடிந்ததும் கடையில் லோடு வருகிறது என்று முதல் பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைக்கு ஓடிவிட்டேன். தலைப்பொங்கலுக்கு மாமனார் வந்து அழைத்தார். ஒரு நாள் மட்டும் போய், வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தேன். கண்மாய்ப் பக்கம் போகவில்லை. மனைவியிடமும் மூச்சு விடவில்லை. கடையில் யாராவது லாரி ட்யூப் கேட்டால் எடுத்துக் கொடுக்கும்போது கை கூசும். ஆனால் நாள் போகப் போக அந்தக் கூச்சமும் குறைந்துகொண்டுதான் வந்தது. மனுஷ மனசு அவ்வளவு கேவலம்.

சித்திரையில் ஆள் வந்தது, 'அழிகண்மாய், மாப்ள கட்டாயம் வரணும்' என்று. தட்ட முடியவில்லை.

கரைமேல் ஏறினேன். ஊரே கூடியிருந்தது. கையில் ஊத்தாக் கூடை, கச்சா வலை, சேலை, பாத்திரம் என்று கிடைத்ததை வைத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கி, கலங்கிக் கிடந்தது. பாசி காய்ந்து சேற்றோடு ஒட்டியிருந்தது. முங்கிக் கிடந்த கருவேல மரங்கள் எல்லாம் வெளியே வந்து நின்றன.

நடுவிலிருந்த மரத்தில், எல்லோர் கண்ணுக்கும் நேராக, என் லாரி ட்யூப் தொங்கியது. நீல நைலான் கயிற்றில் பலகையும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

நாளைக்கு எடுத்துப் போட்டுவிடுகிறேன் என்று நீர்ப்பாய்ச்சி சொன்னார் இல்லையா, அந்த நாளைக்கு அவருக்குக் கண்மாயில் கால் வைக்கவே உரிமை இல்லாமல் போயிருந்தது.

பக்கத்தில் ஊத்தாவோடு நின்ற ஒரு அம்மாவிடம், ஏதும் தெரியாதவன்போல, "அது எப்ப இருந்து அங்க கெடக்கு?" என்று கேட்டேன். அந்தம்மா என் முகத்தைப் பார்க்காமல், "மாசியில இருந்தே தெரியுது மாப்ள" என்றார்.

மாசியிலிருந்து. இரண்டு மாதமாக ஊரில் ஒவ்வொருவரும் கரைமேல் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறக்கியதையும் பார்த்தவர்கள்தான் அவர்கள். எல்லோருக்கும் தெரியும். மாமனாருக்கும் தெரியும். ஆனால் நீர்ப்பாய்ச்சியைத் திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் மாப்பிள்ளை செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதனால் ஒருவரும் கூப்பிடவில்லை. என் வாயை மூடிய பொய், ஊர் வாயையும் சேர்த்து மூடிவிட்டது. ஒருவராவது என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாமனார் மடைக்கு மேலே நின்று துண்டைக் கையில் எடுத்திருந்தார். ஓடிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். "மாமா, அன்னைக்கு மீன் பிடிச்சது நான்தான். அவரு என்னைக் காப்பாத்துனாரு" என்றேன். பாதிச் சத்தம்தான் வந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும் மாப்ள. இப்ப என்னத்துக்கு அது" என்று சொல்லிவிட்டுத் துண்டை வீசினார்.

ஊர் முழுக்க 'ஓ'வென்று தண்ணீரில் பாய்ந்தது. ஐந்து மாதம் சொல்லாததைச் சொல்ல ஒரு வழியாக வாயைத் திறந்தேன், அதைக் கேட்க அங்கே ஒருவரும் நிற்கவில்லை.

கரையில் என்னையும் மாமனாரையும் தவிர மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். தள்ளி, புளிய மரத்தடியில் நீர்ப்பாய்ச்சி, அவர் மனைவி, மகள். மகள் கையில் வெறும் ஊத்தா. பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டது போலிருக்கிறது. நான் அவரிடம் போய், முதல் தடவையாக 'நீங்க' என்றேன். "வாங்க, நீங்களும் எறங்குங்க. நான் சொல்லிட்டேன்."

"அண்ணாச்சி சொல்லாம எப்பிடி எறங்குறது மாப்ள" என்றார். அவர் கையில் அந்தத் தழும்பு வெள்ளையாக நீண்டிருந்தது. "நீங்க போங்க. நேரமானா நல்ல மீனு போயிரும்." நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு என் காலைக் காட்டினார். "செருப்பக் கழட்டாதீக. சேத்துக்குள்ள முள்ளு கெடக்கும்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீருக்குள்ளும் இறங்கவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா ரெண்டு நாளு உங்களைக் கேலி பண்ணிச் சிரிச்சிட்டு விட்டுருப்பாக" என்றாள். அன்று எங்கள் வீட்டிலும் விரால் குழம்புதான். எனக்கு இறங்கவில்லை.

அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அடுத்த வருஷம் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒருதரம் தேடிப் போக வேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. மாமனாரும் நானும் கடைசிவரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ட்யூபை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. அடுத்த முறை போனபோது மரத்தில் கயிற்றுத் துண்டு மட்டும் இருந்தது.

இரண்டு நாள் கேலிக்குப் பயந்து, என் உயிரைக் காப்பாற்றியவரின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். இதைப் பத்திரிகைக்கு எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்க்கும்போது, இதிலும் ஊர்ப் பெயர் போடவில்லை, என் பெயரும் போடவில்லை. இன்றைக்கும் நான் அந்த நாற்காலியில்தான், வேட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.